கண் கிளைட்டன் திருத்திய படங்கள்

சென்னையில் ஏதோ ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சின்னப் பிள்ளைகளின் கண்ணை எடுத்துச் சீசாவில் போட்டு ஆராய்ச்சி செய்கிறார்களாம். எடுத்த கண் போதாதென்று இப்போது அந்தப் பிள்ளைகளின் பழைய போட்டோக்களையும் கேட்டு வாங்குகிறார்களாம். போட்டோவை வைத்தே எந்தப் பிள்ளைக்குப் புற்று இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்களாம்.

மனைவி விஜிலா இதைச் சொன்னபோது கிளைட்டன் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தான். அவளுக்குச் சொன்னது அவள் தம்பி பெஞ்சாதி. அவளுக்கு மீன் ஏலம் போடுகிற இடத்தில் யாரோ சொன்னார்களாம். கண்ணால் பார்த்தவர் என்று ஒருவரும் இல்லை. கிளைட்டன் சிரித்துவிட்டு, போட்டோதானே, அப்படியானால் அவர்களை என்னிடம் வரச் சொல், இந்த ஊரில் முக்கால்வாசிப் பிள்ளைகளின் முகம் என் டிஸ்கில்தான் கிடக்கிறது என்றான்.

அது வெறும் பீற்றல் இல்லை. திரேஸ்புரத்திலும் அதைச் சுற்றியும் பிறந்த பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம், முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மை, பிறந்தநாள் என்று எது வந்தாலும் பெரிய மாதா கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கும் கிளைட்டனின் கடைக்குத்தான் வருவார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், நீலத்துணி கட்டிய சுவர், அவ்வளவுதான் கடை.

அவன் அப்பா விசைப்படகில் போனவர். இவனையும் மூன்று தடவை கடலுக்குக் கூட்டிப்போனார். மூன்று தடவையும் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குடலைக் கக்கினான். மூன்றாவது தடவை கரைக்கு வந்ததும் அப்பா, "ஏலே, மீனு பிடிக்கத்தான் போறோம். நீ மீனுக்குத் தீனி போட வார" என்று சொல்லி இறக்கிவிட்டார். படகுக்காரர்கள் ஒரு வருஷம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். கிளைட்டன் எஸ்றா அண்ணாச்சியின் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தான். பிலிம் போய் டிஜிட்டல் வந்த சமயம் அது. அண்ணாச்சிக்கு மௌஸ் பிடித்தால் கை நடுங்கும். அதனால் கம்ப்யூட்டர் முழுக்க கிளைட்டன் கையில் வந்துவிட்டது. பிறகு தனிக் கடை போட்டான்.

அவனுக்குக் கண் கிளைட்டன் என்று பேர் வந்தது ஒரு சாவினால். கடலில் போய் உடலும் கிடைக்காத ஒருவருக்கு வீட்டில் தனிப்படம் இல்லை. பங்குச் சாமியார் வந்து புதுப் படகு மந்திரித்த அன்று பத்துப் பேரோடு நின்று எடுத்த ஒரே படம். அதிலும் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கிளைட்டன் தலையை மட்டும் வெட்டி எடுத்து, வெள்ளைச் சட்டை மாட்டி, பக்கத்தில் நின்ற அவர் தம்பியின் கண்ணைக் கொண்டுவந்து வைத்துத் திறந்துவிட்டான். படத்தை வாங்க வந்த அவர் மனைவி நெடுநேரம் பார்த்துவிட்டு, இப்பம்தான் என்னயப் பாக்காவ என்றாள். அதற்குப் பிறகு கண் மூடிய படம் எந்த வீட்டில் இருந்தாலும் கிளைட்டனிடம் வந்தது. செத்தவர்களின் கண்ணைத் திறக்கிறவன் என்று ஊர் சொன்னது. அவனுக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது.

உயிரோடு இருக்கிறவர்களின் கண்ணிலும் வேலை இருந்தது. ஞானஸ்நானத் தொட்டி இருக்கும் மூலையில் வெளிச்சம் குறைவு, பிளாஷ் இல்லாமல் எடுக்க முடியாது. பிளாஷ் அடித்தால் பிள்ளைகளின் கண் சிவப்பாக விழும். சில பிள்ளைகளுக்கு ஒரு கண் மட்டும் வெள்ளையாக, பூனைக்கண் போல, பளிச்சென்று விழும். அப்படி ஒரு படம் ஆல்பத்தில் இருந்தால் மாமியார்கள் சும்மா இருக்கமாட்டார்கள். பேய்க்கண்ணு மாதிரி எடுத்து வச்சிருக்கான் என்று ஆல்பத்தைத் திருப்பி அனுப்பிய வீடு உண்டு. ஆகவே கிளைட்டன் யாருக்கும் காட்டுவதற்கு முன்பே நல்ல கண்ணை எடுத்து, இடவலம் திருப்பி, மற்ற கண்ணின் மேல் ஒட்டி, ஓரத்தைக் கொஞ்சம் மங்கலாக்கிவிடுவான். ஒரு நிமிஷ வேலை. சட்டையில் ஒட்டிய நூலைத் தட்டிவிடுகிற மாதிரி. இந்தக் கடலோரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிற எல்லோரும் செய்வதுதான்.

விஜிலா அந்த வதந்தியைச் சொல்லி ஒரு வாரம் கழிந்திருக்கும். மழை விட்ட ஒரு முற்பகலில் ஸ்டெபி கடைக்கு வந்தாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிறவள், ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவனுடைய மனைவி. இடுப்பில் நாலு வயது மகன் அமலன்.

"அண்ணாச்சி, இவன் ஞானஸ்நானப் படம் வேணும். ஆல்பத்துல உள்ளது இல்ல. நீங்க கை வைக்கதுக்கு முன்ன உள்ளது."

எதற்கு என்று கேட்டான். டாக்டர் கேட்டாவ என்று ஆஸ்பத்திரிப் பெயர் அச்சிட்ட ஒரு கடிதத்தின் நகலை மேஜையில் வைத்தாள். கிளைட்டன் கடிதத்தைப் பார்க்கவில்லை, பையனைப் பார்த்தான். தொழில் பழக்கத்தில் முதலில் கண்ணைத்தான் பார்த்தான். இரண்டு கண்ணிலும் வாசல் வெளிச்சம் ஒரே அளவுப் பொட்டாக விழுந்திருந்தது. அழகான கண்கள். அப்போது தெருவில் ஒரு லாரி போனது. அமலன் அதைப் பார்க்கத் திரும்பினான். இடது கண் லாரியோடு போனது. வலது கண் கிளைட்டனையே பார்த்துக்கொண்டு நின்றது.

அது செயற்கைக் கண். நல்ல வேலை என்று முதலில் தோன்றியது. செய்தவன் கைகாரன் என்று. அப்புறம்தான் கடிதத்தை எடுத்துப் படித்தான்.

பையனுக்கு ரெண்டே கால் வயதில் கண் சிவந்து மாறுகண் போல ஆனதையும், இங்கே சொட்டுமருந்து கொடுத்துப் பார்த்துவிட்டுச் சென்னைக்குப் போனதையும், விழித்திரையில் புற்றுக்கட்டி என்று சொல்லிக் கண்ணை எடுத்துவிட்டதையும் ஸ்டெபி நின்றபடியே சொன்னாள். பலமுறை சொல்லிச் சொல்லி அழுகை வற்றிப்போன குரல். எடுத்ததால்தான் பிள்ளை இருக்கிறான், கட்டி மூளைக்குப் போகவில்லை என்றாள். தேடி வைக்கிறேன், நாளைக்கு வா என்று அனுப்பினான்.

அவள் தெருமுனை திரும்பியதும் டிஸ்கைச் செருகினான். தேட வேண்டியதே இல்லை, வருஷம் மாதம் போட்டுத்தான் வைத்திருந்தான். நாலு மாதக் குழந்தை, வெள்ளை உடுப்பு, தலையில் தண்ணீர் வழிகிறது. வலது கண்ணின் நடுவில் ஒரு வெள்ளை வட்டம். அடுத்த படம், ஞானத்தாயாக நின்றவள் மடியில், அதே கண். அடுத்தது, சாமியார் கையில், அதே கண். அவன் திருத்திய படம் ஒவ்வொன்றின் பக்கத்திலும் திருத்தாத படம் இருந்தது. ஒன்றில் பிள்ளை எதையோ சொல்கிறது. மற்றதில் வாயைப் பொத்திவிட்டது மாதிரி இருக்கிறது.

மறுநாள் ஸ்டெபி வந்தபோது டிஸ்க் போய்விட்டது என்று சொன்னான். அவள் பரவாயில்ல அண்ணாச்சி என்று போய்விட்டாள். அந்தப் பரவாயில்லைதான் அவனைப் பிடித்துக்கொண்டது.

அன்றிலிருந்து அவனுக்கு ஊர் முழுக்கக் கண்கள்தான். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பிறந்தநாள் பேனரில் சிரிக்கிற பிள்ளைகள். பனிமய மாதா தெருவில் புதுநன்மை வாங்கிய பிள்ளைகள். எல்லாப் பிள்ளைக்கும் இரண்டு கண்ணும் கறுப்பாக இருந்தது. அதில் எத்தனை அவன் வைத்த கண், எத்தனை சொந்தக் கண் என்று அவனுக்கே தெரியவில்லை. பேனரின் கீழே பைக்கை நிறுத்தி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். கடையில் உட்கார்ந்தால் மௌஸ் கண் பக்கம் போகும்போது கை நின்றுவிட்டது. வேலை தேங்கியது. சாப்பிட உட்கார்ந்தவன் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோனான்.

ஒரு நாள் விஜிலா வாசலை மறித்துக்கொண்டு, என்னவென்று சொல்லாமல் கடைக்குப் போகக்கூடாது என்றாள். சொன்னான். அவள் கத்தவில்லை, சமாதானமும் சொல்லவில்லை.

"படத்தத் திருத்துனது தெரியாமச் செஞ்சிய. டிஸ்க் போச்சுன்னு சொன்னது தெரிஞ்சுதான சொன்னிய."

அந்தக் கடிதத்தில் ஒரு போன் நம்பர் இருந்தது. அன்று முற்பகலிலேயே கூப்பிட்டான். எடுத்தவர் டாக்டர் ஜெபசுதா. பக்கத்து நாசரேத்துக்காரர் என்பது அவர் பேச்சில் இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது. குழந்தைகளின் கண்ணில் வரும் இந்தக் கட்டி வெளியே தெரிவதற்கு எத்தனை மாதம் முன்பே போட்டோவில் வெள்ளையாக விழுகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. சீக்கிரம் கண்டால் கண்ணையே காப்பாற்ற முடியும். பிந்தினால் கண் போகும். இன்னும் பிந்தினால் பிள்ளையே போய்விடும். இடையில் எத்தனை மாதம் வீணாகிறது என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தார். அதற்குப் பழைய படங்கள் வேண்டும். வீட்டுக்காரர்களின் போன் உடைந்திருக்கும், தொலைந்திருக்கும். மிஞ்சுவது ஆல்பம்தான்.

மூன்று கடலோரப் பிள்ளைகளின் ஆல்பம் அவரிடம் இருந்தது. மூன்றிலும் கண் சுத்தமாக இருந்ததாம். மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்திலேயே தெரிகிற வெள்ளை இவர்களுக்கு மட்டும் தெரியவே இல்லை. இந்தக் கரையில் கட்டி பிந்தித்தான் வருகிறதோ என்று யோசித்துக் கட்டுரையில் பாதி எழுதியும் வைத்துவிட்டாராம்.

"அதெல்லாம் நாங்க அழிச்சது மேடம்" என்றான் கிளைட்டன். "இங்க எல்லா ஸ்டூடியோவுலயும் அழிப்போம்."

அந்தப் பக்கம் மேஜை இழுப்பறையை மூடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு டாக்டர், வெள்ளையாக விழுவதெல்லாம் புற்று இல்லை என்று ஆரம்பித்து, பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். குழந்தை கொஞ்சம் சாய்ந்து பார்த்தால் நல்ல கண்ணும் வெள்ளையாக விழும். கண்புரை இருந்தாலும் விழும். ஆனால் ஒரே கண், பல படங்களில், எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளை என்றால் அந்தப் பிள்ளையைக் காத்திருக்க வைக்கக்கூடாது.

சாயங்காலம் ஸ்டெபி வீட்டுக்குப் போனான். அவள் அமலனுக்கு இட்லி பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். டிஸ்க் போகவில்லை என்று தொடங்கி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி, போனில் அந்தப் படத்தைக் காட்டினான். ஸ்டெபி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். கண் மட்டும் திரை நிறைய வந்து நின்றது.

"அப்பமே இருந்திருக்கு" என்றாள்.

அமலன் எட்டிப்பார்த்து, அது நானா என்று கேட்டான். ஆமா என்றாள். கிளைட்டன் தரையைப் பார்த்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளைத் தேடினான். அதற்குள் அவள் போனைத் திருப்பித் தந்தாள்.

"எங்கிட்ட மன்னிப்பு ஒன்னும் கேக்காண்டாம். வேற எத்தன பிள்ளைக்கு இப்பிடி ஒட்டி வச்சிருக்கிய? அதப் பாருங்க மொதல்ல."

அதைத்தான் பார்த்தான். மறுநாள் முதல் மத்தியானந்தோறும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளின் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தான். இவ்வளவு வருஷம் ஒரு நிமிஷத்தில் தாண்டிப்போன கண்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். வெள்ளை விழுந்த படங்களை டாக்டருக்கு அனுப்பினான். பெரும்பாலும் இது சாய்வு, பயம் இல்லை என்று பதில் வந்தது. சந்தேகம் என்று அவர் சொன்ன வீடுகளுக்கு இவனே போன் போட்டான். பிள்ளையை ஒரு தடவை கண் டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொன்னால் யார் கேட்பார்கள். ஒருத்தர், "என்ன கண்ணு, ஆல்பம் யாவாரம் படுத்துட்டோ, இப்பம் கண்ணாடிக் கடைக்கு ஆள் பிடிக்கியோ" என்றார். ஒரு அம்மாள், செத்தவங்க கண்ணோட நிறுத்திக்க, எம் பிள்ள கண்ணுல கைய வைக்காத என்று சாபம் விட்டாள். அவள் வீட்டுக்கு நேரில் போய் நின்றான். மூன்றாவது நாள் அவளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒன்றும் இல்லை, சாதாரண மாறுகண், கண்ணாடி போட்டால் போதும் என்று வந்தது. இப்படி ஒவ்வொரு பிள்ளையாகக் கழிந்துகொண்டே வந்தது. கிளைட்டனுக்கு இரண்டு வாய் சோறு உள்ளே போகத் தொடங்கியது.

பெவின் என்ற கைக்குழந்தையின் படங்கள் சமீபத்திய டிஸ்கில் இருந்தன. நாலு மாதத்துக்கு முன்பு எடுத்தவை. அப்போது பிள்ளைக்கு மூன்று மாதம். அம்மா மடியில், அப்பா தோளில், தொட்டி ஓரத்தில், மெழுகுவர்த்தியைப் பார்த்தபடி, கேமராவைப் பார்த்தபடி, தூங்கப்போகிற அரைக்கண்ணில். இடது கண் எல்லாவற்றிலும் வெள்ளை. படங்களை உடனே அனுப்பினான். டாக்டர் பதில் எழுதவில்லை, கூப்பிட்டார்.

"இதை விட்டுராதீங்க. இன்னைக்கே அவங்களைப் பிடிங்க."

பில்லில் இருந்த நம்பர் பெவினின் ஞானத்தகப்பன் ரோச் என்பவருடையது. அங்கேதான் சிக்கல். இந்தப் பக்கத்தில் ஞானஸ்நான ஆல்பம் ஞானத்தகப்பன் செய்கிற சீர். ஆர்டர் கொடுப்பதும் வாங்கிப்போவதும் அவர்தான். பெற்றவர்களின் நம்பரை ஸ்டூடியோக்காரன் கேட்பதே இல்லை. ரோச் கப்பலுக்குப் போகிறவர். போன் அணைந்து கிடந்தது. ஆல்பத்தின் முதல் பக்கத்துக்காக எழுதித் தந்த சீட்டில் பிள்ளையின் பேரும் தாய் ஜெனிட்டா பேரும் மணப்பாடு என்ற ஊரும் மட்டும் இருந்தன.

கிளைட்டன் கடையைப் பூட்டிவிட்டு பைக்கை எடுத்தான். திருச்செந்தூர் தாண்டும்வரை என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனான். புற்று என்று சொன்னால் கதவைச் சாத்திவிடுவார்கள். ஒன்றுமில்லை சும்மா காட்டுங்கள் என்றால் காட்டமாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வார்த்தை அவனுக்கு அகப்படவில்லை.

மணப்பாட்டில் கோயில் மேட்டுக்குக் கீழே இரண்டு தெருவில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தான். பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த அந்தோணியம்மாள் தலையைத் தூக்காமலே, யாரு வேணும் என்று கேட்டாள். சொன்னான். ஜெனிட்டா புருஷனுக்கு மும்பையில் வேலை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன மாதம் அங்கே போய்விட்டாள், இனி பெரிய பரீட்சை லீவுக்குத்தான் வருவாள் என்றாள்.

"பிள்ள நல்லா இருக்கானா பெரியம்மா?"

"அவனுக்கென்ன, பால் குடிச்சிட்டுக் கெடந்தான். கண்ணுதான், இருட்டுல பாத்தா ஒரு பக்கம் மினுங்கும். ராசா கண்ணுன்னு அவ மாமியா சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

கிளைட்டன் நம்பர் கேட்டான். அந்தோணியம்மாள் கையைக் கழுவிவிட்டு வந்து, தன் போனை அவனிடம் நீட்டி, நீயே தேடிக்க, எனக்கு எழுத்து தெரியாது என்றாள். நம்பரை எடுத்துத் தன் போனில் போட்டான். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டான். ஓய்ந்தது. வாட்ஸாப்பில் தேடினான். பேருக்குப் பக்கத்தில் சின்ன வட்டத்துக்குள் பெவின் சிரித்துக்கொண்டிருந்தான், கிளைட்டன் போட்ட ஆல்பத்தின் அட்டைப்படம். அதைப் பார்க்காமல், பிள்ளையின் இடது கண்ணை உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும், அவசரம், என் பேர் இது, நான்தான் போட்டோ எடுத்தவன் என்று எழுதி, டாக்டரின் நம்பரையும் திருத்தாத மூன்று படங்களையும் சேர்த்து அனுப்பினான். ஒற்றை டிக் மட்டும் விழுந்தது.

"புது நம்பருன்னா எடுக்க மாட்டா" என்றாள் அந்தோணியம்மாள். "லோன் வேணுமான்னு கேட்டு உயிர எடுக்கானுவன்னு சொல்லுவா. எம் போன்ல போடு."

அவள் போனில் போட்டான். ஸ்பீக்கரை அமுக்கினான். மணி போனது. அந்தோணியம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஏலே, பிள்ளைக்கு என்ன?"

எடுத்ததும் என்ன சொல்வது என்று அவனுக்கு இப்போது தெரிந்திருந்தது. நான் மறைத்த ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன் என்று தொடங்க வேண்டும். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மணி போய்க்கொண்டே இருந்தது.